ஜன்னல் வரி

கொட்டேஷனைப் பார்த்ததும் சுருக்கென்றது. ப்ராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட், பொருத்தும் கூலி என்று ஏழு வரிகள். எட்டாவது வரியில் நான் கேட்கவே கேட்காத ஒன்று: விண்டோஸ் 11 ஹோம், பத்தாயிரத்துச் சொச்சம். மற்ற ஏழும் சேர்ந்தே 36,000 ரூபாய்தான். சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசில் கால்வாசியை, நான் தொடாத ஊறுகாய்க்காகக் கேட்கிறார்கள்.

ஆன்லைனில் நாம் கேட்கிறபடி கம்ப்யூட்டரைப் பொருத்தி அனுப்பும் ஒரு கடை அது. போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள்.

"அந்த எட்டாவது வரி வேண்டாம்மா. அதை எடுத்துவிட்டு பில் போடுங்கள்."

"ஓ.எஸ். இல்லாம சிஸ்டம் ஓடாது சார்."

"ஓ.எஸ். இருக்கும்மா. நான் லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பக்கத்தில் யாரையோ கேட்கிறாள் என்று தெரிந்தது.

"சார், வெப்சைட்ல ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு. ஹோம், இல்லன்னா ப்ரோ. வேண்டாம்னு ஆப்ஷன் கிடையாது. வீட்ல சின்னவங்க யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க சார், நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன்."

எனக்கு 74 வயது. வீட்டில் என்னைவிடச் சின்னவர் என் மனைவி ஒருத்திதான். அவளிடம் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் நன்றாக எக்ஸ்ப்ளெய்ன் ஆகியிருக்கும். பாவம், சின்னப் பெண். அவள் மேல் கோபமில்லை. "வேண்டாம்" என்று சொல்ல ஒரு கட்டம் வைக்காமல் அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் மேல்தான் கோபம். ஆயுள் முழுக்கப் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு படிவத்தில் எந்தக் கட்டம் இல்லை என்று பார்த்தாலே, அதைத் தயாரித்தவர் மனசு தெரிந்துவிடும்.

போனை வைத்ததும், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்களுக்குச் சோழர் வரலாற்றைவிடப் பிரெஞ்சுப் புரட்சிதான் அதிகம். அந்தப் புரட்சிக் காலத்தில், 1798-இல், கஜானா காலியாக இருந்த பிரெஞ்சு அரசாங்கம் ஒரு வரி போட்டது: கதவு, ஜன்னல் வரி. ஒருவன் வருமானம் என்ன என்று உள்ளே போய்க் கேட்க வேண்டியதில்லை. தெருவில் நின்றபடி வீட்டின் கதவையும் ஜன்னலையும் எண்ணினால் போதும். மக்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். ஏழைகள் ஜன்னலே இல்லாமல் கட்டிக்கொண்டார்கள். சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்த விக்தோர் ஹ்யூகோவின் நாவலில், அந்த நல்ல பிஷப் தம் பிரசங்கத்தில் இந்த வரியைச் சொல்லித்தான் ஏழைகளுக்காக மனம் நோகிறார். அந்த வரி ஒழிந்தது 1926-இல். நூற்றிருபத்தெட்டு வருடம்!

அந்த வரியிலும் ஒரு நியாயம் இருந்தது. ஜன்னல் வைத்தவன்தான் கட்டினான். ஜன்னலே வேண்டாம் என்று அடைத்துவிட்டவனிடம் யாரும் வசூலிக்கவில்லை. இந்தக் காலத்து ஜன்னல் வரியில் அந்தச் சலுகையும் கிடையாது.

இது என் கற்பனை இல்லை. 1994 வரை மைக்ரோசாப்ட் கம்பெனி, கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோடு ஒரு விதமான ஒப்பந்தம் போட்டு வந்தது. தயாரிப்பாளர் விற்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும், அதில் மைக்ரோசாப்டின் மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் கட்ட வேண்டும். அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, அந்த வருடம் ஜூலையில் அதை நிறுத்த வைத்தது. ஒப்பந்தம் போயிற்று, பழக்கம் போகவில்லை. முப்பது வருடம் கழித்து ஒரு கடைக்காரப் பெண், ஓ.எஸ். என்றாலே விண்டோஸ்தான் என்று உண்மையாகவே நம்புகிறாள்.

எதற்கு இந்த வயதில் புதுக் கம்ப்யூட்டர் என்று கேட்பீர்கள். என் பழைய பெட்டி 2014-இல் பொருத்தியது. கடைசி ஏழு வருடமாக அதில் லினக்ஸ்தான். எதிர்வீட்டுத் தம்பி பாலிடெக்னிக் படிக்கும்போது போட்டுக் கொடுத்தான். 2025 ஆகஸ்டில் ஒரு ராத்திரி இடித்த இடியில் மதர்போர்டு போய்விட்டது. அந்தத் தலைமுறை போர்டு இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. எனவே புதிது.

அந்தத் தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். சாமான்களை அவனும் நானும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். லினக்ஸுக்காக வாங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ப்ராசசர் ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. இதிலேயே கிராபிக்ஸ் உள்ளடங்கியிருக்கிறது. தனி கார்டு வேண்டாம். ஏ.எம்.டி. கிராபிக்ஸுக்கான டிரைவர் லினக்ஸின் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், தேடி அலைய வேண்டியதில்லை. 16 ஜிபி ராம், எட்டு எட்டாக இரண்டு குச்சி. 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. வைபை வேண்டுமென்றால் எந்த சிப் என்று கேட்டு வாங்க வேண்டும். இன்டெல் சிப் என்றால் பொதுவாகத் தொந்தரவில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. என் பழைய போர்டு போனதற்கு இடியோடு சேர்ந்து அந்த மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸும் காரணம் என்பது தம்பியின் தீர்ப்பு.

முதல் கடையை விட்டுவிட்டு இரண்டாவது கடைக்குப் போனோம். அதுவும் ஆன்லைன்தான். அங்கே "ஓ.எஸ். வேண்டாம்" என்ற கட்டம் இருந்தது. சந்தோஷமாக டிக் செய்து பணம் கட்டினேன். பத்து நாளில் பெட்டி வந்தது. தெர்மோகோலை எடுத்து, ஒயர்களைச் சொருகி, பட்டனை அழுத்தினேன். திரையில் வந்தது விண்டோஸ் 11!

உடனே போன் போட்டேன். இந்த முறை ஒரு பையன்.

"சார், அது டெஸ்டிங்குக்காகப் போட்டோம். அப்படியே வச்சுக்குங்க. ஆக்டிவேட் பண்ணியாச்சு. அதுக்கு சார்ஜ் கிடையாது."

"எப்படித் தம்பி ஆக்டிவேட் பண்ணினீங்க?"

"அதெல்லாம் எல்லாரும் பண்றதுதான் சார்."

நம் ஊரில் நடைமுறை இதுதான். ஒன்று, பத்தாயிரம் கொடுத்து வாங்கு. இல்லை, திருட்டு நகலைச் சும்மா வாங்கிக்கொள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அது சட்டப்படி சரியானது, காசும் கேட்காது என்று எந்தக் கடைக்காரரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் தகப்பனார், தெரியாமலே திருட்டுச் சாமானையும் சேர்த்து வாங்கித் தருகிறார். நேர்மை, நியாயம் என்று நாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அந்தத் திருட்டு நகலில் தட்டச்சிட்டுத்தான்.

அதனால் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். திருட்டு நகலில் பழகிய பிள்ளை பெரியவனாகி வேலைக்குப் போய், தன் ஆபீசுக்கு எதை வாங்கச் சொல்வான்? கை பழகியதைத்தான். நோகாமல் ஆள் சேர்க்கும் வழி இது. திருடுகிறவனும் அந்தக் கம்பெனிக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் செய்கிறான்.

ஆக்டிவேட் செய்ய அவர்கள் ஓட்டும் நிரலுக்குள் இன்னும் என்னென்ன குடியிருக்கிறது என்பது தனிப் பயம். என் பென்ஷன் வரும் பாங்கு கணக்கை அந்தப் பெட்டியில்தான் நான் திறக்க வேண்டும். அன்று ராத்திரியே எஸ்.எஸ்.டி.யைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு டெபியன் 13 போட்டேன். அது வெளிவந்து அப்போது சில வாரம்தான் ஆகியிருந்தது. நிறுவும்போதே மொழி தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது தமிழ்99 விசைப்பலகை, பிரெஞ்சு விசைப்பலகை, ஆங்கிலம் மூன்றும் ஒரு சொடுக்கில் மாறுகின்றன.

இங்கே ஒரு வார்த்தை பற்றிச் சொல்ல வேண்டும். லினக்ஸ் போன்றவற்றை ஆங்கிலத்தில் 'ப்ரீ சாப்ட்வேர்' என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லுக்கு இலவசம் என்றும் அர்த்தம், சுதந்திரம் என்றும் அர்த்தம். அதனால் கேட்டவர்கள் எல்லாம் "ஓ, ஓசிச் சரக்கா" என்று முகம் சுளிக்கிறார்கள். 1983-இல் இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அன்றிலிருந்து இந்த வார்த்தைக் குழப்பத்தோடு மல்லுக்கட்டுகிறார். பிரெஞ்சில் இந்தத் தொல்லை கிடையாது. இலவசம் என்றால் 'கிராத்துயி'. சுதந்திரம் என்றால் 'லீப்ர்'. 'லொழிசியேல் லீப்ர்' என்று சொன்னால் யாரும் ஓசி என்று நினைக்க மாட்டார்கள். நம் தமிழிலும் இந்தத் தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று நம் இளைஞர்கள் அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். கட்டு இல்லாதது. யாரும் ஓட்டலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசு இல்லை என்பது கூடுதல் சௌகரியம்.

அந்தக் கட்டு என்ன செய்யும் என்பதை நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன். 2000-ஆம் வருடம், என் அப்பா உயிரோடிருந்தபோது, அவர் சொல்லச் சொல்ல எங்கள் குடும்பக் கதையைத் தட்டச்சிட்டேன். 42 பக்கம். அவர் பாட்டனார் காலத்திலிருந்து வரும் கதை. அப்போது யூனிகோடு நம்மிடம் புழக்கத்துக்கு வரவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. நான் பயன்படுத்தியது ஒரு கம்பெனி விற்ற தமிழ் எழுத்துரு. பத்து வருடம் கழித்து வேறொரு கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் முக்காற்புள்ளியும் சிலுவைக்குறியும் கலந்த கந்தர்கோளம். அந்த எழுத்துருவை விற்ற கம்பெனி மூடிப் போயிருந்தது. அப்பாவும் போயிருந்தார். 42 பக்கமும் கண்ணெதிரே இருக்கிறது, ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை.

அதை மீட்டது எதிர்வீட்டுத் தம்பிதான். லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறந்து, யாரோ ஒரு புண்ணியவான் எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைத்திருந்த ஒரு மாற்றியில் ஓட்டினான். முதலில் ஒரு 'அ' வந்தது. பிறகு வரி வரியாக அப்பா பேசினார். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அந்தப் புண்ணியவானுக்கு என் அப்பாவைத் தெரியாது. ஆனால் அவர் தன் நிரலைப் பூட்டி வைக்கவில்லை. லினக்ஸ் என் பிடிவாதம் என்று சொல்கிற உறவினர்களுக்கு இந்த 42 பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.

கதை இன்னும் முடியவில்லை. புதுப் பெட்டி இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. காப்பி எடுத்த கோப்பு கெட்டுப்போனது. கடைக்குப் போன் போட்டேன். பதில் தயாராக இருந்தது: "நீங்க லினக்ஸ் போட்டிருக்கீங்க சார். அதனாலதான். விண்டோஸ்ல பிராப்ளம் வந்தா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க. லினக்ஸுக்கு வாரண்டி கிடையாது."

வாடகைக்கு வீடு எடுத்தவன் சுவரில் எந்தச் சாமி படம் மாட்டினான் என்று பார்த்துவிட்டு, கூரை ஒழுகுவதைச் சரி செய்ய மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்வது போல இருந்தது.

மெம்டெஸ்ட்86+ என்று ஒரு நிரல் இருக்கிறது. அதுவும் கட்டற்றதே. பென்டிரைவில் போட்டுச் சொருகினால் தானே கிளம்பி ராமைச் சோதிக்கும். விண்டோஸும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம். இரண்டு குச்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டினேன்: பிழையில்லை. அதை எடுத்துவிட்டு மற்றதை அதே பள்ளத்தில் சொருகினேன். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். போட்டோ எடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தேன்: கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, பில் எண், தேதி, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு. "இப்பழுது எந்த இயங்குதளமும் இல்லாத நிலையில் கண்டறியப்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்." கடைசிப் பத்தியில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்று ஒரு வார்த்தை. ஆறாம் நாள் புது ராம் கூரியரில் வந்தது. மன்னிப்போ பதிலோ இல்லை. அதனால் பரவாயில்லை, சாமான் வந்தது.

அந்தச் சட்டத்தை ஒப்புக்குச் சொல்லவில்லை, படித்துவிட்டுத்தான் சொன்னேன். அதன் பிரிவு 2(41), கட்டுப்படுத்தும் வணிக முறை என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அதில் அடக்கம். சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கு என்று அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் சொன்னதற்கும், மதர்போர்டு வேண்டுமென்றால் விண்டோஸும் வாங்கு என்பதற்கும் என்ன வித்தியாசம்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சில் ஒருவர் 2008-இல் ஒரு சோனி மடிக்கணினி வாங்கி, உள்ளே இருந்த விண்டோஸ் எனக்கு வேண்டாம், அதன் காசைக் கொடு என்று வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக இல்லை. மென்பொருளைச் சேர்த்து விற்பது அந்த ஒரு காரணத்தாலேயே முறையற்ற வணிகம் ஆகிவிடாது, அதன் விலையைத் தனியாகக் காட்டாததும் தவறில்லை என்றார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் வாங்க விரும்புகிறார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரிய நீதிபதிகள், நான் ஒரு ரிட்டயர்டு கிளார்க். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. வேறு ஒன்று இருப்பதையே காட்டாமல் முப்பது வருடம் விற்றுவிட்டு, பெரும்பாலோர் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றால், அந்த விருப்பத்துக்கு என்ன மதிப்பு? மேலும், கம்பெனி பெட்டியோடு சேர்ந்து வருவதையாவது ஒரு பண்டம் என்று சொல்லலாம். நான் கேட்டது உதிரியாகச் சேர்த்துப் பொருத்தும் பெட்டி. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் நான்தான் விலை பார்க்கிறேன். அதில் ஒன்றை மட்டும் கேட்காமல் சேர்க்க அவர்களுக்கு என்ன அதிகாரம்?

கடைக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அரசாங்கம் என்ன செய்கிறது? 2015-இல் மத்திய அரசு திறந்த மூலநிரல் மென்பொருளுக்காக ஒரு கொள்கை வெளியிட்டது. அரசுத் திட்டங்களில் அதற்கு முன்னுரிமை, அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற பெயரில் நம் நாட்டுக்கென்று ஓர் இயங்குதளமே உருவாக்கியது. இதெல்லாம் இருந்தும், நம் பக்கத்தில் நான் ஏறி இறங்கும் ஆபீஸ்களில் மேஜைக்கு மேஜை அதே ஜன்னல்தான். ஒரு சுற்றறிக்கை எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். வரும், நகல் எடுத்து எல்லாப் பிரிவுக்கும் போகும், 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் விழும், கோப்பில் துளை போட்டுக் கோத்துவிடுவார்கள். நானே எத்தனையோ சுற்றறிக்கைகளை அப்படி அடக்கம் செய்திருக்கிறேன்.

ஓய்வூதியர்களுக்கு ஒரு வேடிக்கை. நாம் உயிரோடிருக்கிறோம் என்று வருடா வருடம் சான்று கொடுக்க, 2014-இல் ஜீவன் பிரமாண் வந்தது. நல்ல திட்டம், நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் கம்ப்யூட்டரில் அதைச் செய்யும் செயலியை விண்டோஸுக்குத்தான் எழுதினார்கள். என் மேஜையில் லினக்ஸ் இருப்பதால் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை நான் உயிரோடில்லை! செல்போனில் முகம் காட்டித்தான் பிழைத்துக்கொண்டேன். அந்த ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான் என்பதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

முடியாது என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். பிரான்சின் ழாந்தார்மெரி, அதாவது ராணுவத்தைச் சேர்ந்த போலீஸ், 2005-இல் ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. 2008 முதல் படிப்படியாகப் பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை உபுண்டு லினக்ஸுக்கு மாற்றியது. போலீஸ்காரர் ரிப்போர்ட் எழுத முடிகிறது என்றால், நம் கிளார்க் நோட் எழுத முடியாதா? அவ்வளவு தூரம் எதற்கு, கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்பதே லினக்ஸில்தான். எங்கள் புதுச்சேரியின் மாஹே அந்தக் கேரளத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. சாலையைத் தாண்டினால் பாடம் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. வேண்டுமானால் ஒரு வருடம் தவணை. அதற்கும் அவர்களிடம் கணக்குத் தொடங்க வேண்டும். என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஏழாம் தலைமுறை ஐ5 வைத்திருக்கிறார். கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கேட்கிறது, போதாததற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். பார்க்க வந்த மெக்கானிக், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டுக்கு நானும் தம்பியும் ஒரு பென்டிரைவோடு போனோம். லினக்ஸ் மின்ட் போட்டோம். சார் இப்போது அதில் சதுரங்கம் ஆடுகிறார், பேத்தியோடு வீடியோவில் பேசுகிறார். பிரிவுபசார விழாவில் எனக்கும் ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள். ஆனால் யாரும் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

லினக்ஸில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. என் பழைய லேசர் பிரிண்டர் இரண்டு நாள் உயிரை எடுத்தது. பேரன் விளையாடும் ஒரு விளையாட்டு இதில் ஓடாது. லீவுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். வேர்டில் கட்டம் கட்டமாக அலங்காரம் செய்த கோப்பு வந்தால் லிப்ரே ஆபீஸில் கொஞ்சம் கலையும். விண்டோஸ் பிடித்தவர்கள் காசு கொடுத்து நிம்மதியாக வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் சண்டை விண்டோஸோடு இல்லை, எட்டாவது வரியோடு.

ஆகவே, கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையானாலும் ஆன்லைனானாலும், "இயங்குதளம் இல்லாமல் என்ன விலை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் விண்டோஸ்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் கேளுங்கள். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்றாவது தெரியும். சும்மா போட்டுத் தருகிறேன் என்றால் லைசென்ஸ் எங்கே என்று கேளுங்கள். வாரண்டி மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நூறு பேர் கேட்டால் அந்தப் படிவத்தில் மூன்றாவது கட்டம் வந்துவிடும்.

முதல் கடையின் வெப்சைட்டை நேற்றுகூடப் போய்ப் பார்த்தேன். ஹோம், ப்ரோ. இன்னும் இரண்டு கட்டம்தான். நாளைக்குத் திரும்பவும் போன் போடப் போகிறேன். இந்த முறை, பேசுவதற்கு அங்கே பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கேட்பேன்.